ஈப்போவில் இறங்கிய பஃபலோ

1941-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தின் நடுவில், ஆஸ்திரேலிய விமானப்படையின் 453-ஆம் பிரிவினர் மலாயாவின் ஈப்போவுக்கு வந்து, சில தினங்களே அங்குத் தங்கிப் போரிட்டு, பின்னர் கோலாலம்பூருக்கு அகன்றனர். அவர்கள் ஓட்டியது ப்ரூஸ்டர் பஃபலோ என்னும் அமெரிக்க யுத்த விமானம். பருத்த குட்டையான உடலும், முன்னே வட்டமாக அமைந்த சைக்ளோன் யந்திரமும், நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும் உடையது. பிரிட்டனுக்கென்று செய்யப்பட்ட 170 பஃபலோக்களில் ஒன்றுகூட முழு உருவத்தோடு இன்று உலகில் இல்லை. எஞ்சியிருக்கும் ஒரே முழு விமானம் ஃபின்லாந்துக்காரர் ஓட்டிய பி.டபிள்யூ-372, காரேலியாவின் ஏரியொன்றிலிருந்து 1998-இல் வெளியே எடுக்கப்பட்டது. அதுவோ வேறு வகை, எடை குறைந்தது. ஆகவே, ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் வளரும் ஒரு பிள்ளை, தன் கொள்ளுப்பாட்டன் தோட்டத்து லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கக்கூடிய அவ்விமானத்தை மேலும் கீழும் பக்கமுமாகத் திருப்பிக் காண வேண்டுமானால், தானே அதன் சிற்றுருவத்தைச் செய்து பார்ப்பதைவிடச் சிறந்த மார்க்கம் இல்லை.

அதற்கான சாதனம்தான் மாடல் கிட். ஷிஸுவோகா நகரத்து டமியா ஸ்தாபனம் பஃபலோவை 1/48 அளவில் வார்த்திருக்கிறது. செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி 1/72, 1/32 ஆகிய அளவுகளில் வெளியிட்டிருக்கிறது. நிஜ விமானத்தின் சிறககலம் 10.67 மீட்டர், 1/48-இல் அது ஏறக்குறைய 22 சென்டிமீட்டர், 1/72-இல் 15 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறடியை ஓர் அங்குலமாக்கும் இந்த 1/72 கணக்கை 1936-இல் இங்கிலாந்தின் ஃப்ராக் பெங்குவின் மாதிரிகள் பரப்பின. யுத்த காலத்தில் பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் நிழலுருவிலேயே அடையாளம் காணப் பழக்குவதற்கும் அதே அளவு மாதிரிகள் பயன்பட்டன.

பெட்டியைத் திறந்தால், உருக்கிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தி வார்த்த உறுப்புகள், ஒரு சட்டத்தோடு கொடியில் தொங்கும் காய்களைப்போல் ஒட்டியிருக்கும். அவற்றை வெட்டி, பிசிறு நீக்கி, இணைக்கையில் ஊற்றும் திரவம் சாதாரணப் பசையன்று. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே சிறிது கரைத்து, இரு பாகங்களையும் ஒன்றாக உருகிச் சேரச் செய்துவிட்டு ஆவியாகிறது. சட்டத்தின் மிச்சத் துண்டும் வீணாவதில்லை: மெழுகுவர்த்திச் சுடரின் மேல் காட்டி, இளகியதும் இரு கைகளாலும் மெல்ல இழுத்தால், வானொலிக் கம்பிக்கு ஏற்ற மயிரிழை கிடைக்கும். அமிலத்தால் அரித்துச் செய்த மெல்லிய பித்தளை வார்ப்பட்டைகளும், ரெசினில் வார்த்த யந்திரங்களும் தனியே விற்கின்றன. ஆரம்பத்தில் அவை அவசியமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அவசியமானது ஆதாரம். அமெரிக்கக் கடற்படையின் பஃபலோவுக்குக் கப்பலில் இறங்கும்போது கம்பியைப் பற்றும் கொக்கி உண்டு. மலாயாவுக்கு வந்ததற்கு அது கிடையாது, வால்சக்கரமும் பெரியது. இதை அறியாமல் பெட்டியில் உள்ளதையெல்லாம் ஒட்டிவிட்டால், ஈப்போவுக்கு ஒருநாளும் வராத விமானமே உருவாகும். வர்ணமோ இன்னும் நுட்பமானது. மேற்புறம் கரும்பச்சையும் மண்பழுப்பும். அடிப்புறம் வெளிறிய ஆகாய நிறம். சிலவற்றில் இடச்சிறகின் அடிப்பாகம் மட்டும் கறுப்பு. அக்காலப் புகைப்படங்களோ கறுப்பு வெள்ளை. அவற்றிலும் சிவப்பொளியை உணராத ஃபிலிமில் எடுத்தவை சிவப்பைக் கருமையாகவே காட்டுமாதலின், படத்தை மட்டும் நம்பி நிறத்தைத் தீர்மானிப்பவர் ஏமாறுவார். பிரையன் கல் எழுதிய 'பஃபலோஸ் ஓவர் சிங்கப்பூர்' போன்ற நூல்களையும், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் படங்களையும் அருகே வைத்துக்கொண்டு, தெளிவான புகைப்படம் உள்ள ஒரு குறிப்பிட்ட விமானத்தையே தேர்ந்தெடுத்துச் செய்வது உத்தமம். 453-ஆம் பிரிவின் அடையாள எழுத்து டி.டி.; அதேபோல் பஃபலோ ஓட்டிய 21-ஆம் பிரிவினுடையது ஜி.ஏ.

இவ்வாறு ஆராயப் புகுந்தவருக்கு ஒரு வினா தானே எழும்: இதே இனத்து விமானம் 44 மட்டுமே வைத்திருந்த ஃபின்லாந்துக்காரர் சோவியத் விமானங்களை ஏராளமாக வீழ்த்தியிருக்க, மலாயாவில் அது ஏன் தோற்றது? கவசமும் கருவிகளும் கூட்டிய எடை, வெப்ப தேசத்தில் கொதித்துச் சோர்ந்த யந்திரம், போதிய பயிற்சியின்றிப் போர்முனைக்கு வந்த இளைஞர்கள், அவர்களை எதிர்த்த ஹயாபுசா என்னும் ஜப்பானிய யுத்த விமானத்தின் லாகவம் ஆகிய யாவும் சேர்ந்தே அதை வீழ்த்தின. அந்த ஹயாபுசாவைப் பலர் இன்றும் ஸீரோ என்னும் வேறொரு ஜப்பானிய விமானமாகத் தவறாகச் சொல்கிறார்கள். இரண்டின் மாடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த மயக்கம் நீங்கிவிடும்.

ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாவில் இத்தொழிலைத் தொடங்குவோர் காலை வேளையிலேயே வர்ணம் தெளித்துவிடுவது நல்லது. பிற்பகல் மழைக்கு முன் காற்றில் ஈரம் மிகும்போது லாக்கர் வர்ணம் வெளுத்துப் பனிபடர்ந்ததுபோல் ஆகிவிடும், மீண்டும் தேய்த்துப் பூச வேண்டியிருக்கும்.