ஓட்டுநர் காற்றுப்பையைப் பொருத்துதல்

ஏர்பேக் என்று பரவலாக அழைக்கப்படும் ஓட்டுநர் காற்றுப்பை, காரின் ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் மடித்து வைக்கப்பட்டுள்ள பாதுகாப்புச் சாதனமாகும். கடும் மோதலின்போது இது சுமார் 30 மில்லிவினாடியில் விரிந்து, ஓட்டுநரின் தலையும் மார்பும் ஸ்டியரிங்கில் மோதாமல் காக்கிறது. பையை நிரப்பும் வாயு, சிறு மின்னோட்டத்தால் பற்றவைக்கப்படும் வேதிப்பொருளிலிருந்து கிடைக்கிறது. பழைய வகைகளில் சோடியம் அசைடு பயன்பட்டது; பின்வந்த பலவற்றில் குவானிடின் நைட்ரேட்டு உள்ளது. எனவே இது ஒரு சிறு வெடிபொருள். பயிற்சி பெற்ற மெக்கானிக்கே கையாள வேண்டும்.

பொருத்துதல் என்பது பெரும்பாலும் பழையதை மாற்றுவதே. ஆலையில் காற்றுப்பை வைக்கப்படாத காரில் பின்னர் சேர்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. உணரிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அந்தந்தக் காரின் உடலமைப்புக்கேற்ப அமைக்கப்பட்டவை.

முதலில் முன்சக்கரங்களை நேராக வைத்து, சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். அத்துடன் ஆபத்து நீங்கிவிடாது. மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமித்து வைத்திருக்கும். அது வடியும்வரை, அந்தக் காரின் பணிமனைக் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்த பிறகே மஞ்சள் நிறக் கனெக்டரைத் தொடலாம். பைக்குச் செல்லும் இணைப்பை மல்டிமீட்டரால் சோதிக்கவே கூடாது. மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யலாம்.

பையை எடுத்துச் செல்லும்போது அதன் மூடி உடலுக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க வேண்டும். மேசையில் மூடி மேலே இருக்குமாறு வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்த பை தற்செயலாக விரிந்தால், அதன் உலோகப் பகுதி மேல்நோக்கிப் பாயும்.

ஸ்டியரிங்குக்கு அடியில், சுருட்டிய நாடா வடிவில் கிளாக் ஸ்பிரிங் என்ற மின்னிணைப்பு உண்டு. சக்கரம் சுழன்றாலும் பைக்கு மின்தொடர்பு அறாமல் காப்பது இதுவே. இதை நடுநிலையில் பொருத்தாவிட்டால், ஸ்டியரிங்கை ஒருபுறம் முழுதும் திருப்பும்போது நாடா அறுந்துவிடும். அதன் பின் பை விரியாது. பல கார்களில் ஹாரனும் ஒலிக்காது.

பேட்டரியை மீண்டும் இணைக்கும்போது காருக்குள் எவரும் இருக்கலாகாது. சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். சில இடங்களில் பைக்குப் பதில் ஒரு மின்தடையை வைத்து விளக்கை அணையச் செய்வதுண்டு. இது உயிரோடு விளையாடும் மோசடி.

பழைய பைகளை வாங்குவதும் நல்லதல்ல. ஜப்பானின் தகாத்தா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டு கொண்டு தயாரித்த பைகள், வெப்பமும் ஈரப்பதமும் பட்டு நாளடைவில் சீர்கெட்டு, விரியும்போது உலோகச் சிதறல்களைத் தெறித்தன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி பைகள் திரும்பப் பெறும் பட்டியலில் இடம்பெற்றன.

இந்தியாவில் 2019 சூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயம். ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. நடுமூடியின்மேல் சாமி படமோ அலங்கார வில்லையோ ஒட்டினால், பை விரியும் வேகத்தில் அது முகத்தில் வந்து அறையும்.