லோராவும் 15 கிலோமீட்டரும்

லோரா மாட்யூல் விற்கும் கடைகளின் பக்கங்களில் "15 கி.மீ. வரை எட்டும்" என்று ஒரு வரி இருக்கும். கொஞ்சம் தள்ளி "ஒரே பேட்டரியில் 10 வருஷம்" என்று இன்னொரு வரி. இரண்டுமே பொய் இல்லை. ஆனா இரண்டும் ஒரே கருவியில், ஒரே நேரத்தில் உண்மையாவது அபூர்வம். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, தோட்டத்து மண் காய்ந்துவிட்டதா என்று வீட்டிலிருந்தே பார்க்க ஆசைப்படுபவர்கள் காசு போடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

லோரா பிறந்தது பிரான்ஸில், கிரெனோபிள் நகரத்து சைக்ளியோ என்ற சின்ன கம்பெனியில். 2012-ல் செம்டெக் அதை வாங்கிவிட்டது. இன்று யார் பேரை ஒட்டி விற்றாலும், உள்ளே இருப்பது அநேகமாக செம்டெக்கின் எஸ்எக்ஸ்1276, எஸ்எக்ஸ்1262 வகைச் சிப்தான்.

இதன் சூட்சுமம் குயில் கூவுவது மாதிரி. குயிலின் குரல் கீழ் சுருதியில் ஆரம்பித்து மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் பஸ் ஹாரனுக்கு நடுவிலும் "குயில் கூவுது" என்று காது கண்டுபிடித்துவிடுகிறது. லோராவும் அப்படித்தான். ஒவ்வொரு குறியீட்டையும் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு அலைவரிசையைக் கீழிருந்து மேலாக இழுத்து அனுப்புகிறது. இழுவை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதில்தான் தகவல் ஒளிந்திருக்கிறது.

இழுவையை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதைத் தீர்மானிப்பது ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் என்ற எண், 7 முதல் 12 வரை. 7-ல் ஓர் இழுவை 1 மில்லிசெகண்ட். எண் ஒன்று ஏறினால் நேரம் இரட்டிக்கும். 12-ல் 33 மில்லிசெகண்ட். இந்த 12-ல் வைத்தால் சிக்னல் இரைச்சலின் நூறில் ஒரு பங்கு சக்தியில் வந்தாலும் ரிசீவர் பிடித்துவிடும். கேட்கவே ஆச்சரியமா இருக்கு, ஆனால் இலவசம் இல்லை. 12 பைட் தகவலை அனுப்ப 7-ல் 41 மில்லிசெகண்ட் போதும். 12-ல் 1,155 மில்லிசெகண்ட். கிட்டத்தட்ட 28 மடங்கு.

இவ்வளவு நேரம் கொடுத்து வாங்கியது என்ன? 12.5 டெசிபல். தடையே இல்லாத வெட்டவெளியில் அது 4 மடங்கு தூரம். தரையை ஒட்டிப் போகும்போது சிக்னல் இன்னும் வேகமாகத் தேய்வதால் சுமார் 2 மடங்குதான்.

இப்போ இன்னொரு கணக்கு. தரையை ஒட்டிய தொடர்பில் ஆன்டெனாவின் உயரத்தை இரட்டித்தால் தோராயமாக 6 டெசிபல் கிடைக்கும். ஒன்றரை மீட்டரில் இருப்பதை ஒரு மூங்கில் கழியில் கட்டி 6 மீட்டருக்குத் தூக்கினால் 12 டெசிபல். ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை 7-லிருந்து 12-க்கு ஏற்றிக் கிடைத்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான்! பேட்டரியில் கூடுதலாக ஒரு துளி செலவில்லை. பெரும்பாலானவர்கள் மென்பொருளில் எண்ணை மாற்றிப் பார்ப்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் கழியைத்தான் தேடணும்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போவதில்லை. நடுவில் உப்பிய சுருட்டு வடிவத்தில் இடம் கேட்கும். 866 மெகாஹெர்ட்ஸில் 5 கி.மீ. தூரத்துக்கு அந்தச் சுருட்டின் நடு ஆரம் சுமார் 21 மீட்டர். தென்னந்தோப்பு, வீடு, ஏன் தரையே கூட அதற்குள் நுழைந்துவிடும்.

லோராவின் புகழ்பெற்ற சாதனை ஒன்றையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 2017-ல் ஐரோப்பாவில் பறந்த ஒரு பலூன் 25 மில்லிவாட் சக்தியில் அனுப்பிய செய்தி 702 கி.மீ. தள்ளி இருந்த நிலையத்தில் பிடிபட்டது. பலூன் இருந்தது 38 கி.மீ.க்கு மேல். அந்த உயரத்திலிருந்து அடிவானமே சுமார் 700 கி.மீ. தூரம்தான். அதாவது இடையில் மறைப்பு எதுவும் இல்லாதவரை சிக்னல் போனது. மாட்யூலின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனா பாதிப் புகழ் பலூனுக்குச் சேரும்.

அடுத்து பேட்டரி. எஸ்எக்ஸ்1276 முழு சக்தியில் (20 டிபிஎம்) பேசும்போது 120 மில்லியாம்பியர் இழுக்கும். 15 நிமிஷத்துக்கு ஒரு செய்தி என்றால் நாளுக்கு 96. ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் 12-ல் இது நாளுக்கு சுமார் 3.7 மில்லியாம்பியர்-மணி, 2,400 கொள்ளளவுள்ள பேட்டரி இரண்டு வருஷம்கூடத் தாண்டாது. 7-ல் நாளுக்கு 0.13 மட்டுமே. காகிதக் கணக்கில் 50 வருஷம் வரும். அதற்கு ரொம்ப முன்னாடியே பேட்டரி தானாகவே செத்துப்போகும்.

இதெல்லாம் ரேடியோவின் செலவு மட்டும்தான். தூங்கும்போது இந்தச் சிப் ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். ஆனால் அதோடு சேர்ந்து வரும் டெவலப்மென்ட் போர்டில் பவர் எல்இடி, ரெகுலேட்டர், யூஎஸ்பி சிப் எல்லாம் கண் விழித்தபடியே இருக்கும். அவை சேர்ந்து 10 மில்லியாம்பியர் குடித்தால் நாளுக்கு 240. அதே பேட்டரி பத்தே நாளில் காலி. ரேடியோ சிக்கனமானது என்பதால் கருவியும் சிக்கனமானது ஆகிவிடாது.

வாங்கும்போது அலைவரிசையையும் பாருங்க. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் இதற்குப் பயன்படுத்த ஏற்றது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். மலிவாகக் கிடைக்கிறதே என்று 433 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை இதில் மாட்டினால் மிச்சம் பிடித்த டெசிபல் எல்லாம் அங்கேயே போய்விடும். 866-க்குக் கால் அலைநீளக் கம்பி 8.7 செ.மீ., 433-க்கு 17.3 செ.மீ. ஸ்கேல் வைத்தே கண்டுபிடிக்கலாம். ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட் செய்து பார்க்கவே வேண்டாம், சிப் போய்விடலாம்.

கிணற்று மோட்டாரையும் இதிலேயே ஆன் செய்யலாமா? செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. லோராவான் நெறிமுறையில் ஏஇஎஸ்-128 குறியாக்கம் உண்டு. வெறும் லோராவில் அப்படி எதுவும் கிடையாது. அதே அலைவரிசை, அதே ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் வைத்திருக்கும் யாரும் உங்கள் செய்தியைக் கேட்கலாம், பதிவு செய்து திரும்ப அனுப்பவும் செய்யலாம். நீர்மட்டத்தை அடுத்த தோட்டத்துக்காரர் தெரிந்துகொண்டால் பெரிய நஷ்டம் இல்லை. நடுராத்திரியில் வறண்ட கிணற்றில் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும். அதனால் கட்டளை அனுப்பும் இடத்தில் மட்டும் குறியாக்கமும், பழைய செய்தியை அடையாளம் காண ஒவ்வொரு செய்திக்கும் ஏறுவரிசை எண்ணும் கட்டாயம் சேருங்க.