விபத்து வழக்கில் விசாரணையின்றித் தீர்ப்பு கிடைக்குமா? முதல் போலீஸ் புகாரே சாட்சிக்கு உரைகல்

கோலாலம்பூர்: "தவறு லோரிக்காரர் மீதுதான். பிறகு எதற்கு விசாரணை, சாட்சி என்று இழுத்தடிக்கிறார்கள்?" சாலை விபத்தில் காயமடைந்து இழப்பீடு கோரும் பலரும் கேட்கும் கேள்வி இது.

விசாரணையின்றித் தீர்ப்புப் பெற நம் நாட்டுச் சட்டத்தில் வழி உண்டு. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 14-ஆவது கட்டளை அதற்கு இடமளிக்கிறது. எதிர்த்தரப்பிடம் சொல்வதற்குத் தக்க வாதம் இல்லை என்றால், இருதரப்பின் சத்தியப் பிரமாணப் பத்திரங்களை மட்டும் படித்து நீதிமன்றம் தீர்ப்பு வழங்கலாம். இதுவே சுருக்கமுறைத் தீர்ப்பு. கடன் பாக்கி வழக்குகளில் இது அதிகம் பயன்படுகிறது. ஆனால், விசாரித்துத் தீர்க்கவேண்டிய விவகாரம் ஒன்றே ஒன்று இருந்தாலும் வழக்கு முழு விசாரணைக்குச் சென்றுவிடும்.

விபத்து வழக்குகள் பெரும்பாலும் இங்குதான் நின்றுவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, அதிகாலையில் வேலைக்குச் செல்லும் தோட்டத் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளைச் சாலைச் சந்திப்பில் லோரி மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். "எனக்குத்தான் பச்சை விளக்கு" என்று இருவருமே சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை என்பதைத் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இருவரும் சாட்சிக் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையைச் சந்திக்க வேண்டும்.

அதற்காக, வெறுமனே மறுத்தால் போதும் என்றும் பொருளில்லை. பிரமாணப் பத்திரத்தில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே ஏற்கத் தேவையில்லை என்று, பேங்க் நெகாரா தொடர்ந்த வழக்கு ஒன்றில் அன்றைய உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பு 1992-இல் சட்ட இதழில் வெளியானது. மறுக்க முடியாத ஆவணங்களுக்கு முரணான கூற்றையும் நம்பவே முடியாத கூற்றையும் நீதிபதி ஒதுக்கலாம்.

விசாரணையில் சாட்சியின் நம்பகத்தன்மை எப்படி அளக்கப்படுகிறது? கண்ணீரைவிட, சம்பவத்தை ஒட்டி எழுந்த ஆவணங்களுக்கே எடை அதிகம். போலீஸ் புகார், விபத்து இட வரைபடம், வாகனச் சேதப் படங்கள், மருத்துவமனைக் குறிப்பு ஆகியவை அவை. சாட்சி முன்பு எழுத்தில் தந்ததைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்ய 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கில்லை என்கிறது 134-ஆவது பிரிவு. நம்பத்தக்க ஒருவரே போதும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இங்குதான். விபத்து நடந்த 24 மணி நேரத்திற்குள் போலீசில் புகார் செய்யவேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். புகார் மலாய் மொழியில் பதிவாகும். வலியோடும் பதற்றத்தோடும் இருப்பவர், உடன் வந்தவர் சொல்லிக் கொடுத்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிடுவதும் உண்டு. "லோரியை நான் கவனிக்கவில்லை" என்று அதில் பதிவாகியிருந்து, பிறகு நீதிமன்றத்தில் "தூரத்திலேயே பார்த்தேன்" என்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விடமாட்டார்.

எனவே, கையெழுத்திடும் முன் புகாரை வாசியுங்கள். மலாய் தெரியாதவர்கள் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறு இருந்தால், காரணத்தைக் கூறி உடனே மறுபுகார் செய்யுங்கள். நேரம், தூரம் போன்றவற்றில் சிறு வேறுபாடுகள் இருப்பது இயல்பே. விபத்து எப்படி நடந்தது என்பதே மாறினால்தான் ஆபத்து.

தீபகற்ப மலேசியாவில் வழக்குத் தொடர பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. அரசு தரப்பு மீது என்றால் 3 ஆண்டு. அதற்குள் நினைவு மங்கலாம். எழுதிக் கொடுத்தது மங்காது.