சூதாடிக்குப் படுக்கை எதற்கு?

நிதியாண்டு முடியும் மார்ச் 31 நெருங்க நெருங்க, சூதாட்ட அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை அளிக்க மத்திய சர்க்காரிடம் மானியம் பெறுவது எவ்வாறு என்று கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் தொண்டு ஸ்தாபனங்கள் கடிதம் எழுதிய வண்ணம் இருக்கின்றன. பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, தர்ப்பண் எண், இ-அனுதான் தளம் ஆகியவற்றை அவர்கள் நன்கறிவார்கள். குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது.

அடிமைப் பழக்கத்தினின்று மனிதரை மீட்கும் ஸ்தாபனங்களுக்குச் சமூக நீதி அமைச்சகம் தரும் பிரதான உதவி, போதைப்பொருள் தேவைக் குறைப்புத் தேசியச் செயல்திட்டத்தின் மானியமே. அதற்கு ஆதாரமாக அதிகாரிகள் எடுத்துக்காட்டும் எய்ம்ஸ் ஆய்வு, 2019-ல் வெளிவந்தது. மது, கஞ்சா, அபினி வகை, மயக்க மாத்திரை என்று உடலுக்குள் போகும் வஸ்துக்களை எண்ணியதேயன்றி, சீட்டுக்கட்டை அது எண்ணவில்லை. வஸ்துவை விட்டவனுக்கு உடல் நடுங்கும் என்பதால் படுக்கையை எண்ணினார்கள். படுக்கைக்கு ஏற்ப மருத்துவர், செவிலியர், சமையற்காரர் சம்பளத்தை எண்ணினார்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கே மானியம் என்று பெயர்.

இப்போது கடலூர் முதுநகரில், பகலெல்லாம் உழைத்து இரவெல்லாம் கைப்பேசியில் ரம்மி ஆடிக் கடனில் மூழ்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது படுக்கையன்று. மாதக்கணக்கில் வாராவாரம் ஒரு மணி நேர ஆலோசனை, சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் மனைவி, கடன்காரரோடு பேசித் தவணை கேட்கும் ஒரு மத்தியஸ்தர். இவற்றில் எதற்கும் விண்ணப்பத்தில் பத்தி இல்லை. ஆகவேதான் கடிதங்களில் ஒன்று வெகு சாமர்த்தியமாகக் கேட்கிறது: அவர் எப்போதாவது குடிப்பவர்தானே, குடிநோயாளி என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாமா?

கூடாது என்பேன், பொய் என்பது ஒரு காரணமே. அந்தப் பதிவேடுதான் டில்லிக்குப் போய்ப் புள்ளிவிவரமாகிறது. சூதாடியைக் குடிகாரனாக எழுதுந்தோறும் சூதாடிகளே இல்லை என்று சர்க்காருக்கு நாமே சான்று தருகிறோம். அந்தச் சான்றைக் காட்டி அடுத்த திட்டத்திலும் பத்தி வைக்காமல் விடுவார்கள். விண்ணப்பதாரரைக் கொண்டே நோயை மறைக்கும் இந்த ஏற்பாட்டை எவரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். திட்டமிட்டிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக அமைந்திராது.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்திய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை மக்கள் நலன் கருதித் தடை செய்ததாகச் சொல்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு சிறை, ஒரு கோடி வரை அபராதம் எல்லாம் உண்டு. ஏற்கெனவே அடிமையானவருக்கு ஒரு காசு ஒதுக்கீடு இல்லை. 2023 அக்டோபர் முதல் ஆட்டக்காரர் கட்டிய பணத்தின் மீது நூற்றுக்கு 28 வீதம் வரி வாங்கிய கையும் இதே சர்க்காரின் கைதான். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் சூதாட்டக் கம்பெனிகள் மீது கட்டாயத் தீர்வை விதித்து, அதில் பாதியைச் சிகிச்சைக்கென்றே வைக்கிறார்கள். நாமோ தடையே மருந்து என்கிறோம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி ஒழிக்கப்பட்ட பின்னும் மூன்று நம்பர் சீட்டு விற்றவர் கைது என்ற செய்தி நம் பத்திரிகைகளில் நின்றபாடில்லை.

ஆயினும் ஒரு பக்கவாசல் உண்டு. 2017-ன் மனநலச் சட்டம், எது மனநோய் என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியல் முதலான மருத்துவ அளவுகோல்களைக் கொண்டு தீர்மானிக்கச் சொல்கிறது. 2022-ல் அமலுக்கு வந்த பட்டியலோ சூதாட்ட நோயை மது, போதை நோய்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. எனவே அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சூதாட்ட அடிமை சிகிச்சை கேட்பது சலுகையன்று, உரிமை. சிதம்பரத்து ஸ்தாபனங்கள் மானியத்துக்குக் காத்திராமல், அப்பிரிவுக்கு நோயாளிகளை அனுப்பி, அவர்களைச் சூதாட்ட நோயாளிகள் என்றே எழுதச் செய்வது உத்தமம்.

மற்றக் கேள்விகள்:

உள்நோயாளிகளை வைத்துக்கொள்ளலாமா? மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த பிறகு.

மானியப் பணத்துக்கு வங்கி தரும் வட்டி யாருக்கு? சர்க்காருக்கே.

மானியத்தில் வாங்கிய கட்டிலை விற்கலாமா? முன்னனுமதி இன்றி முடியாது.

சூதாட்டக் கம்பெனி நன்கொடை தந்தால்? வாங்காதீர்கள்.

இன்றிரவே ஒருவருக்கு உதவி வேண்டுமானால்? மனநல உதவித் தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.