நல்லதங்காளும் தங்கையர் உயிர்க்கொடையும்

சென்னை வண்ணாரப்பேட்டையை அடுத்த கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் நிறுவனத்தார் பெரிய எழுத்துக் கதைநூல்கள் பலவற்றை அச்சிட்டு வழங்கினர். அவற்றுள் நல்லதங்காள் கதையும் ஒன்று. இலக்கிய வரலாறு எழுதுவோர் இத்தகைய நூல்களுக்கு ஒதுக்கும் இடம் சிறிதே. மக்கள் நெஞ்சில் அவை பெற்ற இடமோ பெரிது. இக்கதைத் தலைவியைத் 'தியாகத் தங்கை' எனப் போற்றக் கேட்கிறோம். அப்பெயர் அவளுக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

தியாகம் என்னும் சொல் பழைய தமிழ் வழக்கில் கொடையையே குறித்தது. கொடை எனின் கொடுப்பாரும் வேண்டும், கொள்வாரும் வேண்டும். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்ட நல்லதங்காள், பன்னீராண்டுப் பஞ்சத்தால் நொந்து, மக்கள் எழுவருடன் அண்ணன் நல்லதம்பியின் மனை நாடி வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி கதவை அடைத்துக்கொள்கிறாள். கற்பின் ஆற்றல் அக்கதவைத் திறந்துவிடுகிறது. ஆனால் கதவைத் திறந்த கற்பினால் குழந்தைகளின் பசியைத் தணிக்க இயலவில்லை. கதையின் நுட்பமான இடம் இதுவே என்பது என் துணிபு. பின்னர் அவள் மக்களை ஒவ்வொருவராகக் கிணற்றில் எறிகிறாள். உயிர்ப்பிச்சை வேண்டிய மூத்தவனையும் விடாமல் எறிந்து, தானும் வீழ்கிறாள். இச்சாவினால் பயன் கொண்டார் யார்? ஒருவருமிலர்.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கன்வழிப் பிறக்கும் என்பர். நான்கும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன. எனினும் அவளைக் கொன்றது வறுமையன்று. பஞ்சத்தை அவள் பொறுத்தே வந்தாள். பிறந்த மனையில் நேர்ந்த இளிவைத்தான் பொறுத்திலள். ஆதலின் அவள் செயலை மானம் பற்றியது எனலாமேயன்றிக் கொடை எனல் ஆகாது. பஞ்சத்தில் வந்தார்க்குக் கஞ்சி வார்த்தல் எத்துணைப் பெரிய செயலாகக் கருதப்பட்டது என்பதற்கு வண்ணாரப்பேட்டைப் பகுதியிலேயே சான்றுண்டு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்கினர்.

இனிச் சப்பானியரின் இயங்கோவியக் கதையொன்றை ஒப்புநோக்குவோம். கமாச்சி கசுமா படைத்த கதையுலகில் எழுந்த 'ரெயில்கன்' என்னும் அறிவியற் புனைவுத் தொடரின் 2013ஆம் ஆண்டுப் பகுதியில், மிசாக்கா மிக்கோத்தோ என்னும் சிறுமியின் மரபணுவைக் கொண்டு அவளை ஒத்த 20,000 பெண்கள் உருவாக்கப்படுகின்றனர். இவர்களுக்குத் 'தங்கையர்' என்பதே பெயர். ஆற்றல்மிக்க இளைஞன் ஒருவனை மேலும் வல்லவனாக்கும் பொருட்டு, அவன் கையால் ஒவ்வொருத்தியாக மடிதல் இவர்களுக்கு விதிக்கப்பட்ட கடன். தம் ஒவ்வோர் உடலின் விலை 180,000 யென் எனத் தாமே கூறி, மறுப்பின்றிச் செல்கின்றனர். இங்குக் கொள்வோர் உளர். உண்மையில் கொடுப்போர் இலர். மறுக்கக் கற்பிக்கப்படாதவரின் இசைவை இசைவென யாங்ஙனம் கொள்வது? மிக்கோத்தோ இளமையில் தன் மரபணுவை அளித்தது தசைநோயாளர் நலம்பெறும் பொருட்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கதை முழுவதிலும் கொடை எனத் தகுவது அஃதொன்றே. அதுவே வஞ்சகமாகத் திரிக்கப்பட்டது.

நல்லதம்பி தங்கையை இழந்தபின்னரே வந்து சேர்கிறான். அலங்காரியைத் தண்டித்துத் தானும் மாய்கிறான். மிக்கோத்தோவோ இடையிலேயே அறிந்து, தன் உயிரைக் கொடுத்தேனும் அக்கொடுமையை நிறுத்த முனைகிறாள். அது தோழன் ஒருவனால் நிறுத்தப்படுவதற்குள் 10,031 பேர் மடிந்துவிட்டனர். மடிந்தவர் மீளவில்லை, எஞ்சியோர் வாழ்கின்றனர். நம் கதையில் சிவபெருமானும் உமையும் தோன்றி அண்ணனையும் தங்கையையும் மக்களையும் எழுப்புகின்றனர். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் இன்றும் கோயில்கொண்டு வழிபடப்பெறுகிறாள். அவள் வீழ்ந்த கிணறு இதுவென ஒன்றையும் அங்குக் காட்டுவர்.