அக்கிராசனரும் அடுப்பங்கரையும்

ஆண்டுக்கு ஒரு முறை சங்கங்கள் விருந்து நடத்துவது நெடுநாளைய வழக்கம். சந்தா வசூலாகும், மண்டபம் ஏற்பாடாகும், வெளியூரிலிருந்து பிரசங்கியார் ஒருவர் வருவார். மாலை சூட்டிக்கொண்டு, பேசி, உண்டு, தாம்பூலம் தரித்து விடைபெறுவார். மறுநாள் விசாரித்தால், பாயசத்தைப் பற்றிச் சொல்வோர் பலர். பிரசங்கத்தைப் பற்றிச் சொல்வோர் சிலர்.

அக்கிராசனர் பேசியதைவிடச் செய்தது நிலைத்துவிட்ட விருந்து ஒன்று உண்டு. 1909-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, லண்டனில் வசித்த இந்தியர்கள் விஜயதசமியை முன்னிட்டு அதை நடத்தினார்கள். அவர்களுடைய உள்ளங்கள் அப்போது கொதித்துக்கொண்டிருந்தன. ஜூலை மாதம் கர்ஸான் வைலியைச் சுட்டுக் கொன்ற மதன்லால் திங்க்ரா, ஆகஸ்ட் 17-ந் தேதி தூக்கிலிடப்பட்டிருந்தார். பலாத்காரமே விடுதலைக்கு வழி என்று நம்பிய இளைஞர்கள், அதை அடியோடு மறுத்த காந்தியடிகளை அக்கிராசனம் வகிக்க அழைத்தார்கள். டிரான்ஸ்வால் இந்தியரின் தூதராக அவர் அங்கே தங்கியிருந்தார். உணவு சைவமாக இருக்கவேண்டும், சர்ச்சைக்குரிய அரசியல் பேசலாகாது என்ற நிபந்தனைகளின் பேரில் இசைந்தார்.

சமையல் வேலையை ஏற்ற தொண்டர்களில், பிற்காலத்தில் சென்னை மாகாண மந்திரியாக விளங்கிய டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனும் ஒருவர். அன்று மெலிந்த மனிதர் ஒருவர் வந்து தங்களோடு பாத்திரம் துலக்கினார், காய்கறி நறுக்கினார் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். யாரோ ஒரு தொண்டர் என்றே எல்லோரும் எண்ணினார்கள். மாலையில் வ. வே. சு. ஐயர் வந்து பார்த்த பிறகே, அவர்தாம் அன்றைய அக்கிராசனர் என்று தெரிந்ததாம்!

விருந்தில் காந்தியடிகளும் பேசினார், சாவர்க்கரும் பேசினார். இருவரும் போற்றியது இராமாயணத்தைத்தான். அதில் கண்ட வழிகள் வேறு. ஆயினும் மாற்றுக் கருத்துடையோர் ஒரே பந்தியில் அமர்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் செவிசாய்த்துக் கேட்டார்கள். நவம்பர் 13-ந் தேதி கப்பலேறிய காந்தியடிகள், பத்தே நாட்களில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதி முடித்தார். பலாத்காரக் கட்சியினரோடு லண்டனில் நிகழ்த்திய வாதங்களின் எதிரொலியே அந்நூல்.

ஒரே பந்தி என்பது எவ்வளவு அரிய காரியம் என்பதைப் பின்னால் தமிழ்நாடும் கண்டது. ஐயர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டதைக் குறித்துப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. 1925-ல் அது காந்தியடிகள் வரை சென்றது. லண்டனில் ஒரு பந்தியில் உட்காருவது எளிதாயிருந்தது. தாமிரபரணிக் கரையில் இரண்டு இலைகள் நாட்டையே கலக்கிவிட்டன. அவ்வாண்டு ஜூன் மாதம், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்ற முயன்று ஐயர் உயிர் நீத்தார்.

ஆண்டு விருந்து நடத்தும் நேயர்களுக்கு நாம் கூறுவது இதுவே. மாற்றுக் கருத்துடைய ஒருவரையும் பேச அழையுங்கள். இலை போடும்போது எவருக்கும் தனியிடம் ஒதுக்காதீர்கள். பிரசங்கியார் சற்று முன்னதாக வந்துவிட்டால், நாற்காலி தேடி ஓடவேண்டாம். ஒரு கத்தரிக்காய்க் கூடையை அவர் முன் வைத்துப் பாருங்கள். அவருடைய பிரசங்கத்தின் சாரம் அப்போதே விளங்கிவிடும்.