ஏலக்காட்டு மருந்தும் கண்ணாடித் தட்டில் ஒரு துளி மூளையும்

பூச்சிமருந்து மூளையை என்ன செய்கிறது என்பதை மனித நரம்பு செல்லிலேயே சோதிக்க இப்போது வழி இருக்கிறது. ஆனால் யார், எதை, எவ்வளவு அடித்தார்கள் என்ற கணக்கு மலையிலிருந்து வந்தாக வேண்டும்.

விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடிநாயக்கனூரைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை என்று விரியும் ஏலத்தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக இந்த வழியில்தான் வேலைக்குப் போகிறார்கள். களையெடுக்க, காய் பறிக்க, மருந்தடிக்க.

ஏலச்செடி ஒரு நோஞ்சான் பிள்ளை. பேன் பிடிக்கும், தண்டைத் துளைக்கும் புழு வரும், மழைக்காலத்தில் அழுகல் நோய் வரும். அதனால் இந்தியாவில் மிக அதிகமாக மருந்தடிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்று. இந்த விஷங்களுக்குத் தமிழில் 'மருந்து' என்று பெயர் வைத்தது யாரோ தெரியவில்லை. அடிப்பவர்கள் பெரும்பாலும் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வதோடு சரி.

காய்க்குக் கவலைப்பட ஆள் இருக்கிறது. மருந்து எச்சம் அதிகம் என்று 2018-இல் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பியபோது தோட்டக்காரர்கள் முதல் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு வரை பதறினார்கள். எச்சத்துக்கு சர்வதேச வரம்பு உண்டு. அளக்க ஆய்வுக்கூடம் உண்டு. மருந்தடித்த கைக்கு அப்படி எந்தச் சான்றிதழும் கிடையாது.

உடனடி விஷத்தின் அறிகுறிகள் எல்லோருக்கும் தெரியும்: வாந்தி, தலைசுற்றல், மயக்கம். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வருவதுதான் புதிர். நிபுணர்களின் சந்தேகம் முக்கியமாக விழுவது பார்க்கின்சன் நோய் மீது. நம்மூரில் நடுக்குவாதம் என்பார்கள். நடுமூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கை நடுங்குகிறது, நடை சுருங்குகிறது, முகம் உறைகிறது. நோய் வெளியே தெரியும்போது அந்த செல்களில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

சந்தேகம் 1982-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. போதைப் பழக்கம் உள்ள சில இளைஞர்கள் ஒரே வாரத்தில் கிழவர்களைப் போல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்கள் ஏற்றிக்கொண்ட போலி ஹெராயினில் எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் கலந்திருந்ததை டாக்டர் வில்லியம் லாங்ஸ்டன் கண்டுபிடித்தார். உடலுக்குள் அது மாறும் வடிவம், பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பை ஒத்திருந்தது. அப்படியானால் வயலில் அடிப்பது?

ஆய்வுகள் தொடர்ந்தன. வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும் மேனெப் என்ற பூஞ்சைக்கொல்லியும் அடிக்கப்பட்டவர்களுக்கு பார்க்கின்சன் அபாயம் 75 சதவீதம் அதிகம் என்றது 2009-இல் கலிஃபோர்னியாவில் வெளியான ஆய்வு. பாராகுவாட்டையோ ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியையோ கையாண்ட அமெரிக்க விவசாயிகளுக்கு அபாயம் இரண்டரை மடங்கு என்றது 2011-இல் வந்த இன்னொன்று. கேரள அரசு அதே 2011-இல் பாராகுவாட்டைத் தடைசெய்த பட்டியலில் சேர்த்தது.

ஆனால் புள்ளிவிவரம் விரலைத்தான் நீட்டும், குற்றத்தை நிரூபிக்காது. ஒரு விவசாயி வாழ்நாளில் பத்து வகை மருந்து அடிக்கிறார், கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறார், தாத்தாவின் மரபணுவையும் சுமக்கிறார். எது காரணம்? எலிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். எலியின் மூளை மனித மூளை அல்ல. மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. இறந்தவரின் மூளையை வெட்டிப் பார்த்தால் தெரிவது எரிந்து முடிந்த வீடு. தீ எங்கே பற்றியது என்று தெரியாது.

இந்த முட்டுச்சந்தைத் திறந்தவர் ஜப்பானின் ஷின்யா யாமனாகா. எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருநிலைக்குத் திருப்ப முடியும் என்று 2006-இல் காட்டினார். 2007-இல் மனித செல். 2012-இல் நோபல் பரிசு. அப்படித் திரும்பிய ஸ்டெம் செல்லை எந்த செல்லாகவும் வளர்க்கலாம், டோபமைன் சுரக்கும் நரம்பு செல்லாகவும். கொடுத்தவரின் மரபணுக்கள் அத்தனையும் அதில் அப்படியே இருக்கும். ஒரு நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ அவருடைய மூளைத் திசுவின் மாதிரியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துவிடலாம்.

2013-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்காட் லிப்டனும் ருடால்ஃப் யேனிஷும் அதைச் செய்தார்கள். மரபணுக் கோளாறு உள்ள பார்க்கின்சன் நோயாளியின் செல்கள் ஒரு தட்டில். அதே செல்களில் கோளாறை மட்டும் திருத்தி இன்னொரு தட்டில். இரண்டிலும் பாராகுவாட், மேனெப், ரோட்டினோன். கோளாறு உள்ள செல்கள் அதிகம் பாதிக்கப்பட்டன. 'விதியா, விஷமா?' என்ற கேள்விக்குக் கிடைத்த விடை: இரண்டும் கைகோத்து.

இடுக்கி கூர்ந்து படிக்க வேண்டியது 2023-இல் வெளியான ஆய்வை. கலிஃபோர்னியாவில் எந்த நிலத்தில் எந்த மருந்து எப்போது அடிக்கப்பட்டது என்ற பதிவுகள் 1974 முதல் இருக்கின்றன. அவற்றை வைத்து விஞ்ஞானிகள் 288 மருந்துகளை அலசினார்கள். 53 மருந்துகள் பார்க்கின்சனோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. அவற்றில் 39-ஐ நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்த நரம்பு செல்கள் மீது விட்டார்கள். 10 மருந்துகள் செல்களை நேரடியாகவே தாக்கின. அந்தப் பத்தில் எண்டோசல்ஃபான் இருந்தது. காசர்கோட்டின் கண்ணீருக்குப் பிறகு 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடுத்த அதே எண்டோசல்ஃபான். காப்பர் சல்ஃபேட்டும் இருந்தது. அதாவது துரிசு, சுண்ணாம்போடு சேர்த்து போர்டோ கலவையாக ஏலத்துக்கும் மிளகுக்கும் அடிக்கிறோமே, அது. இன்னொன்றும் தெரிந்தது: பருத்தி வயலில் சேர்த்து அடிக்கும் மருந்துகள், தனித்தனியாக இருப்பதைவிடச் சேரும்போது அதிக நாசம் செய்தன.

இதைப் படித்துவிட்டு துரிசு டப்பாவைக் கண்டு அலற வேண்டியதில்லை. தட்டில் கல்லீரல் இல்லை, நஞ்சைத் தடுக்கும் ரத்தக்குழாய்ச் சுவர் இல்லை. தட்டில் விழும் அளவு வேறு, தோட்டத்தில் உடலுக்குள் போகும் அளவு வேறு. அந்த செல்களுக்கு வயதும் இல்லை. கருநிலைக்குத் திரும்பும்போது முதுமையின் தடயங்கள் அழிந்துவிடுகின்றன. முதுமையில் வரும் நோயைக் குழந்தை செல்லில் தேடுகிறோம். இதற்கும் மாற்று தேடுகிறார்கள். சிங்கப்பூர் விஞ்ஞானிகள் 2016-இல் நடுமூளையை ஒத்த முப்பரிமாணத் திசுவை வளர்த்தார்கள். முதிர்ந்த நடுமூளைக்கே உரிய கருநிறமி அதில் உண்டானது.

நம்மிடம் வசதி இல்லை என்று சொல்ல முடியாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. நிம்ஹான்ஸும் அதே நகரின் தேசிய உயிரியல் ஆய்வு மையமும் இன்ஸ்டெம் நிறுவனமும் சேர்ந்து, மனநோயும் முதுமை மறதியும் உள்ள குடும்பங்களின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கியிருக்கின்றன. புது மருந்துகளை விலங்குகளுக்குப் பதில் இத்தகைய திசு மாதிரிகளில் சோதிக்க 2023-இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி இடம் தந்தது. போடிமெட்டுக்காரர் பெங்களூருக்குப் போக வேண்டியதுகூட இல்லை. தேனியில் எடுக்கும் ஒரு குழாய் ரத்தம் போனால் போதும்.

இல்லாதது கணக்கு. கலிஃபோர்னியாவுக்கு 288-இலிருந்து 39-க்கு வழிகாட்டியது பதிவேடு. இங்கே எந்தத் தோட்டத்தில் எதை எதோடு கலந்து எத்தனை முறை அடித்தார்கள் என்பதற்குப் பொதுப் பதிவேடு கிடையாது. தொழிலாளி காலையில் ஒரு மாநிலம், மாலையில் இன்னொரு மாநிலம். எதைத் தட்டில் ஊற்றுவது என்று தெரியாமல் விஞ்ஞானி என்ன செய்வார்?

இதற்கிடையே ஓர் எச்சரிக்கை. ஸ்டெம் செல் என்ற பெயரைக் கேட்டதும் சிகிச்சை என்று நினைத்து நிலத்தை விற்றுவிட வேண்டாம். தட்டில் வளர்வது நோயைப் படிக்கும் பாடப்புத்தகம்தான். அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைகளுக்கு வெளியே, பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல் ஊசி போடுவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் அனுமதிக்கவில்லை.

ஆய்வின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு: ரப்பர் கையுறை, சரியான முகமூடி, மருந்தடித்த பாத்தியில் சில நாள் யாரையும் இறக்காமல் இருப்பது, காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காமல் இருப்பது. கூடவே எஸ்டேட் மேஸ்திரியிடம் ஒரு நோட்டு. தேதி, மருந்தின் பெயர், அளவு, அடித்தவர் பெயர். ஆள் வருகைக்கும் பறித்த காய்க்கும் ஏற்கெனவே நோட்டு போடுகிறார்கள். இன்னும் ஒரு நோட்டு பெரிய செலவில்லை.